பாரிசுல மாதா, பஸ்ஸுல மனு

காலைல ஒம்பது மணிக்கு தவளக்குப்பம் ஜங்ஷன்ல பஸ் ஏறுனேன். டவுனுக்கு பத்து கிலோமீட்டர், டிக்கெட்டு பதினஞ்சு ரூபா. கூட என் வூட்டுக்காரி ஸ்டெல்லா. என்னைத் தனியா போலீஸ் ஆபீசுக்கு அனுப்புனா நானே கேசுல மாட்டிப்பேன்னு வந்துட்டா. நாலாங்கிளாசோட நின்னவன் நானு, நியாயந்தான்.

சங்கதி இதான். எங்க ஊரு கோயில்ல இருந்த, மரத்துல செஞ்ச மாதா களவு போயிட்டாங்க. தவக்காலத்துல கடைசி ரெண்டு வாரம் சுரூபம்னு சொல்ற சிலைங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிடுவோம், ஈஸ்டருக்குத்தான் தொறப்போம். திருட்டுப்பய மாதாவத் தூக்கிட்டு, துணிக்குள்ள ஒரு தண்ணி கேனை வெச்சிட்டுப் போயிட்டான். ஊரே கேனுக்கு முன்னால முட்டி போட்டுச்சி. என் வண்டிக்கு எப்.சி. ஆவணும்னு நான் அழுது வேண்டிகிட்டேன். ஆச்சி வேற.

நாங்க துணியத் தொறக்கறதுக்குள்ள மாதா கடல் தாண்டிட்டாங்க. பாரிசுல இருக்குற என் சித்தப்பா பையன் லூர்து, ஒரு பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள்ள பாத்துட்டு போட்டோ அனுப்புனான். சின்னதுலேர்ந்து பாத்த மூஞ்சி, அவனுக்குத் தெரியாதா? அடுத்த மாசம் ஏலமாம்.

முதலியார்பேட்டைல நெரிசல். எங்க போறீங்கன்னாரு கண்டக்டர். பிரான்சு போலீசுக்குன்னேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறிக்கன்னாரு.

பத்தரைக்கு டவுனு போலீஸ் ஆபீஸ். இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், டீ வாங்கிக் குடுத்தாரு. ஆனா அவரு சொன்ன வழியக் கேட்டு எனக்குப் பத்திகிட்டு வந்துச்சி. எங்க ஸ்டேஷன் காயிதம் இவருகிட்ட வரணும். இவரு டில்லிக்கு அனுப்பணும். வெளிநாட்டுப் போலீசுகூடப் பேச நாட்டுக்கே அந்த ஒரு வாசல்தானாம். அங்கேர்ந்து எல்லா நாட்டுப் போலீசுக்கும் பொதுவான தலைமை ஆபீசு. அதுவே பிரான்சுலதான் இருக்கு. அப்புறம் பாரிசு, அப்புறம் அந்தக் கடைக்காரன் ஏரியா ஸ்டேஷன்.

"அந்தப் பெரிய ஆபீசு போலீசே போயி புடிக்கலாமே சார்?"

"யோவ், அங்க எவனும் லத்தி எடுத்துகிட்டு வரமாட்டான். சேதிய மாத்தி உடுவாங்க, அவ்ளோதான். புடிக்கறது அந்தந்த நாட்டுப் போலீசு."

லூர்து வூட்டுலேர்ந்து கடைக்கு நடந்தே போவலாம். களவாணிக்கு ஒரு வாசலும் கெடையாது, பொட்டில போட்டுப் போயிட்டான். பறிகுடுத்த நாங்க வாசல் வாசலா நிக்கணுமாம்.

அடுத்து, அடையாளத்துக்குப் பொடவை இல்லாத மாதா போட்டோ வேணும்னாரு. அதை எவன் எடுப்பான்? எங்ககிட்ட இருந்த போட்டோ எல்லாத்துலயும் பட்டுப்பொடவை, மாலை, முன்னால பல்லக் காட்டிகிட்டு நானு. அவரு என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பாத்தாரு.

"இத அனுப்புனா உன்னத்தான்யா தேடுவாங்க."

அப்பத்தான் ஸ்டெல்லா வாயத் தொறந்தா. "மூக்கப் பாருங்க சார்."

எங்க மாதாவுக்கு மூக்கு குத்தியிருக்கு. திருவிழாவுக்கு மட்டும் மூக்குத்தி போடுவோம், மத்த நாளு அது எங்க வூட்டு பீரோவுல இருக்கும். லூர்து அனுப்புன போட்டோவ இன்ஸ்பெக்டர் பெருசாக்குனாரு. வலது மூக்குல ஓட்டை. எங்க போட்டோல அதே எடத்துல கல்லு மின்னுது.

எழுத ஆரம்பிச்சாரு. மூக்குத்தியையும் குடுங்க, சாட்சிக்கு டில்லிக்கு அனுப்பறேன்னாரு. ஸ்டெல்லா மூக்குத்திய முடிஞ்சு கொண்டாந்த முந்தானையை இறுக்கிப் புடிச்சிகிட்டா. "போட்டோ எடுத்துக்கங்க சார். இது எங்கயும் வராது. மாதா வரட்டும்."

ஒரு மணி பஸ்ஸுல திரும்புனோம். ஏலத்துக்கு முன்னால காயிதம் பாரிசு போவுமான்னு இன்ஸ்பெக்டராலயும் சொல்ல முடியல.

ஊரு வந்ததும் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். பீடத்துல அந்தத் தண்ணி கேன் இன்னும் நிக்குது. சாட்சி, யாரும் தொடக்கூடாதுன்னு எங்க ஸ்டேஷன்ல கயிறு கட்டி, ஒரு போலீசையும் நிறுத்தியிருக்காங்க. மாதா கடல் தாண்டுற வரைக்கும் ஒருத்தனையும் காணோம். இப்ப கேனை எவனும் திருட முடியாது.