பக்கத்துக் கொல்லையில் அடித்த பொடி

வெதுருகுப்பத்தில் என் தங்கை வளர்த்த பட்டுப்புழுக்கள் செத்தது என்னால்தான். ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே இதைச் சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நான் திருப்பதியில் பூச்சியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஈஸ்டர் முடிந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புழுக்களுக்கு இலை வெட்டும் முசுக்கொட்டைத் தோட்டத்துக்கும் பக்கத்துத் தக்காளிக் கொல்லைக்கும் நடுவே ஒரு வரப்புதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புழு வளர்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் யார் மருந்து அடித்தாலும் முந்தின நாளே வந்து சொல்ல வேண்டும். புழு வளர்ப்பவர்கள் உடனே இலையை வெட்டி ஈரச் சாக்கில் மூடி வைத்துக்கொள்வார்கள். வரப்போரச் செடிகளைச் சில நாள் தொடமாட்டார்கள்.

அன்று கொல்லைக்காரர் சொல்லத்தான் வந்தார். தங்கை சபை மாதர் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"அக்கா இல்லியா சார்? தக்காளில காய்ப்புழு. நாளிக்கு மருந்து அடிக்கணும்."

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். பாக்டீரியாப் பொடி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இது விஷமே இல்லைங்க. மனுஷனுக்கு, மாட்டுக்கு, தேனீக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்குப் போய் எதுக்குச் சொல்லிக்கிட்டு? வெயில் தாழ்ந்து இன்னைக்கே அடிங்க."

"வாணாம் சார். போன தபா சொல்லாம அடிச்சதுக்கு அக்கா உட்ட டோஸ்ல எங்க வூட்டு நாய்கூட ரெண்டு நாள் கொலைக்கல."

"நான் சொல்லிக்கறேன், போங்க."

அவர் அடித்தார். தங்கை திரும்பி வந்ததும் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். நான் பொடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

விடியற்காலையில் அவள் வரப்போரம்தான் முதலில் இலை வெட்டினாள். புழுக்கள் நான்காம் முறை தோலுரித்துப் பசியோடு இருந்தன. இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டியிருக்கும்.

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, இங்க வாயேன். போட்ட எலை அப்டியே கீது. ஒண்ணும் துன்ன மாட்டேங்குது."

புழு வளர்க்கும் மனைக்குள் போனேன். அத்தனை புழுக்கள் தின்றால் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பொடியிலுள்ள புரதம் புழுவின் காரக் குடலில் கரையும். குடல்நீர் அதை வெட்டிக் கூராக்கும். பிறகு அது குடல்சுவரிலுள்ள ஏற்பி என்னும் இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடும். அந்த ஏற்பி நமக்கு இல்லை, மாட்டுக்கு இல்லை. காய்ப்புழுவுக்கு உண்டு. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதானே? அதற்கும் உண்டு. இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். வருடா வருடம் முதல் வகுப்பில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

"சூடு ஜாஸ்தியாயிடுச்சாண்ணா? நேத்து ஜன்னல மூடிட்டேன், அதனாலயா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை. பிறகு நடந்ததைச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இதுக்கு மாத்து மருந்து இன்னா?"

"இல்லம்மா."

"நீ படிச்சதுல எதுவுமே இல்லியா?"

"இல்ல."

அவள் திட்டவில்லை. கொல்லைக்காரருக்குக் கிடைத்த திட்டில் பாதியாவது எனக்குக் கிடைத்திருக்கலாம். பழைய இலையை வாரிக் கொட்டிவிட்டு, தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்ப் புது இலை வெட்டி வந்தாள். ஒவ்வொரு தட்டாகப் பரப்பினாள். ஒரு புழுவும் தலை தூக்கவில்லை. மத்தியானத்துக்குள் பல சோர்ந்து சுருண்டன.

"ஒண்ணாவது வாய் வெக்குதா பாக்கறேன்" என்று மறுபடியும் அரிவாளை எடுத்தாள்.

வைக்காது என்று எனக்குத் தெரியும். குடலுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு படியாகத் தெரியும். வேறொன்றும் செய்யத் தெரியாமல், கூடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.