பாயளவு பச்சை

ஒரு பாய் விரிக்கிற அளவு பச்சை. சுற்றிவர வெடித்த மண்ணும் கருகிய நெற்பயிருமாகக் கிடக்க, நடுவில் அந்தத் துண்டு மட்டும் ஈரமாக நின்றது. உப்புக்குளத்தில் என் வீட்டில் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அது கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி வருவது நின்றுபோனதால், நெல் விதைப்பவர்களுக்கு ஏக்கர் கணக்கில் உதவிப் பணம் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பயிர் நிற்பதைக் கண்ணால் கண்டு, அளந்து எழுதுவது என் வேலை. அரைக்காற்சட்டையும் சைக்கிளுமாக, நான்தான் அரசாங்கம் என்ற நினைப்போடு முசலிப் பக்கம் திரிந்தேன்.

அங்கே, அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். கணவர் மௌத்தான பிறகு, தனியாளாக மழையை நம்பி இரண்டு ஏக்கர் விதைத்திருந்தார். உதவிப் பணம் வந்தால் சமாளிக்கலாம். வராவிட்டால் உழவு மாடுகளை விற்றுத்தான் சாப்பிட வேண்டும். கார்த்திகைக் கடைசியில் அந்த வழியாகப் போனேன். வரம்பே தெரியாமல் வயல் பச்சையாக மூடிக் கிடந்தது.

"தம்பி, இறங்கி ஒருக்கா அளந்துட்டுப் போங்கோ," என்று ராத்தா கூப்பிட்டார்.

"நத்தார் முடியட்டும் ராத்தா, கட்டாயம் வாறன்."

ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னேன். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

கிறிஸ்து பிறப்புக்கு லீவு எடுத்து வீட்டுக்குப் போனேன். நத்தார் முடிந்தது, புதுவருஷமும் முடிந்தது. அக்காவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று இன்னும் சில நாள் வீட்டிலேயே நின்றுவிட்டேன். மழையும் என்னைப் போலவே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நான் போனபோது வயல் கருகிக் கிடந்தது. பாயளவு பச்சைத் துண்டின் ஓரத்தில் ராத்தா இடுப்பில் குடத்தோடு நின்றார். குடிதண்ணீர்க் கிணறு வெகு தூரத்தில் இருந்தது. "முழுக்க இப்பிடித்தான் கிடந்தது தம்பி. நீங்க வந்தாப் பாக்கோணும் எண்டு இந்தத் துண்டை மட்டும் சாக விடேல்ல," என்றார்.

நான் அந்தத் துண்டை மட்டும் அளந்தேன். கார்த்திகையில் கண்டதை எழுதியிருக்கலாம். எழுதினால், அன்றே ஏன் அளக்கவில்லை என்று கந்தோரில் மேலதிகாரி கேட்பார், லீவுக்கு மேல் நின்ற விஷயமும் வெளியே வரும். பயந்துவிட்டேன். ஒரு பாயளவுக்கு என்ன பணம் வரும்? ஒன்றும் வரவில்லை.

"இனி ஊத்தி என்ன ராத்தா, விடுங்கோ," என்றேன்.

"சாகாம நிக்குதே தம்பி, எப்பிடி விடுறது?" குடத்தில் மிச்சமிருந்ததையும் அதிலேயே ஊற்றினார்.

மாசியில் ராத்தாவின் உழவு மாடுகள் விற்பனைக்கு எங்கள் கந்தோர் வாசலால் போயின. கயிற்றைப் பிடித்திருந்த ராத்தா என்னைக் கண்டு நின்றார். "நத்தார் நல்லா நடந்ததோ தம்பி?" குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே விசாரித்தார். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது பென்சன்காரன். "மிளகாய்க் கண்டு அழுகப்போகுது, போதும் விடுங்கோ," என்று மனைவி சத்தம் போட, நான் இன்னுமொரு வாளி அள்ளுகிறேன். அன்று எழுதாததை யாருக்கும் உதவாத இந்த வயதில் எழுதுகிறேன்: இரண்டு ஏக்கரும் பச்சையாக நின்றது. நான் பார்த்தேன்.