ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பதினேழு கண்ணாடிகள்

விசாரணையின் வரைவு அறிக்கையில் நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. ஷாப்பிங் மாலின் மூத்த பராமரிப்பு ஊழியர் விரிசலைப் பற்றித் தகவல் தரத் தவறியதே விபத்துக்கு முதன்மைக் காரணம் என்றது அது. தபால் வீடு வந்து சேர்ந்தபோது அந்த ஊழியர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மகள் வாசலில் நின்றபடியே படித்தாள். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாமாம். செத்தவர் எங்கே போய்த் தெரிவிப்பார்?

மாலில் அவருக்கு ஏணி என்று பெயர். தோளில் ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கட்டடத்துக்குக் கூரை போடுமுன்பே வயரிங் வேலைக்கு வந்தவர், திறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். நாலு பக்கமும் சுவர், ஒரு ஜன்னல் கிடையாது, உள்ளே எந்நேரமும் குளிர்காற்று. சுற்றியிருந்த ஐந்து ஊர்க்காரர்களும் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். நகரும் படியில் கால் வைக்கப் பயந்து நின்றவர்களைக் கையைப் பிடித்து ஏற்றிவிடுவதுதான் முதல் வாரம் முழுக்க அவருடைய வேலை. ஐந்து வயது மகள் திறப்பு நாளன்று பதினோரு முறை ஏறி இறங்கினாள்.

ஒன்பதாம் வருடம் மேலே தியேட்டர் வந்தது. அதற்கான ஏசி இயந்திரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஃபுட் கோர்ட்டுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் தூக்கி வைத்தார்கள். பீம் தாங்குமா சார் என்று அவர் கேட்டதற்கு, ஏணிக்கு எதுக்குய்யா இன்ஜினியர் வேலை என்று பதில் வந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளின் கணக்கு நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு புறவழிச்சாலையில் இதைவிடப் பெரிய மால் முளைத்தது. இரண்டு கோடியிலும் இருந்த பெரிய கடைகள் இரண்டும் கழன்றுகொண்டன. நடுவில் இருந்த சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. மால் மூன்று முறை கைமாறியது. ஒவ்வொரு முதலாளியும் முகப்புக்குப் புது பெயின்ட் அடித்தான், பராமரிப்பில் ஆளைக் குறைத்தான். இருபத்திரண்டு பேர் நாலு பேரானார்கள். ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் அறுபது வயதில் தனியாக ஏறினார். கூட்டம் வருகிற ஒரே இடம் ஃபுட் கோர்ட் என்பதால் அதை ஒருநாளும் மூடக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை.

ஃபுட் கோர்ட்டுக்கு மேலே போகும் பீமில் விரிசலை அவர் பார்த்தது அப்போதுதான். மகள் அதற்குள் தூரத்து நகரம் ஒன்றில் பாலம் கட்டும் இன்ஜினியர். விடுமுறைக்கு வந்தவளிடம், ஒரு விரிசல் பழசா, வளருதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சாப்பாட்டு மேசையில் கேட்டார். மெல்லிசான கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள், கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம் என்றாள். இரண்டு நிமிஷப் பேச்சு. அவர் மறுநாளே மாலில் இருந்த போட்டோ பிரேம் கடையில் கழிவுக் கண்ணாடி வாங்கினார்.

ஐந்தாம் மாதம் முதல் துண்டு உடைந்தது. போன் செய்தார்.

"பாப்பா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்."

"போட்டோ அனுப்புங்கப்பா. மேனேஜர்கிட்ட எழுத்துல குடுங்க."

இரண்டையும் செய்தார். மேனேஜர் புகாரைச் சீலிங் கறை என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார். கறை படிந்திருந்த சீலிங் பலகைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். பணி முடிந்தது என்று குறித்துப் பூசி மெழுகினார். கையால் எழுதிய பழைய பதிவேடுகள் மொத்தமும் எடைக்குப் போயின.

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், பீமின் அடிப்பாகம் பிளந்து ஏசி குழாயோடு மேசைகள் மேல் விழுந்தது. ஆறு பேருக்குக் காயம். ஜூஸ் கடைப் பெண்ணை இடிபாட்டிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்தவர் ஏணிதான். மறுநாள் அவரைத்தான் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். எழுதித்தான் குடுத்தேன் என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். ஏழாம் வாரம், உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே நெஞ்சு நின்றுபோனது.

மகள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பவில்லை. நேரில் போனாள். மூடிக் கிடந்த மாலுக்குள் விசாரணை அதிகாரியும் மேனேஜரும் இருந்தார்கள். விரிசல் பற்றிப் புகார் எதுவும் பதிவில் இல்லை என்றார் மேனேஜர். அப்பா அனுப்பியிருந்த படத்தை அவள் போனில் காட்டினாள். விரிசல் எந்தக் கட்டடத்துலதான் இல்ல, இது எங்க எடுத்ததோ என்றார்.

அவள் பராமரிப்பு அறைக்குப் போய் அப்பாவின் ஏணியைத் தூக்கிவந்தாள். முட்டுக்கொடுத்திருந்த பீமின் பக்கத்தில் சாத்தி, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளித் திறந்தாள். இறங்கி வந்து டார்ச்சை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், மேலே பார்த்தார், ஏறினார்.

மேலே, விழாமல் நின்ற பாதி பீமில், விரிசலின் நீளத்துக்கு வரிசையாகக் கண்ணாடிகள். பதினேழு. ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் ஒட்டிய தேதி, வலது ஓரத்தில் உடைந்த தேதி. ஒன்று உடைந்ததும் பக்கத்தில் அடுத்தது. கடைசியில் இருந்ததற்கு ஆயுசு ஒன்பது நாள்.

"இப்படி ஒட்டச் சொன்னது யாரு?" அதிகாரி மேலிருந்தே கேட்டார்.

"நான்தான். பாலம் கட்டுற இன்ஜினியர்."

"நீங்க வந்து பாத்தீங்களா?"

மேனேஜர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிம்மதி தெரிந்தது.

"இல்ல. கூப்பிட்டாரு, நான் வரல. அதையும் எழுதுங்க சார். ஆனா நாலாம் பக்கத்துல இருக்கிற வரிய மொதல்ல அடிங்க."

அதிகாரி இன்னும் ஒரு படி மேலே ஏறினார். ஏணி ஆடியது.

"நான் ஒவ்வொண்ணா படிக்கிறேன். எழுதிக்குங்க," என்றார்.

அவள் நோட்டைத் திறந்தாள். எழுத இரண்டு கையும் வேண்டும்.

"ஏணியப் பிடிங்க," என்றாள் மேனேஜரிடம்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆளில்லை. பிடித்தார். மேலிருந்து தூசியும் முதல் தேதியும் சேர்ந்து இறங்கின.