மணம்: இல்லை

"18 டிசம்பர் 198–, வியாழன். சபியா ராத்தாவின் கிணறு, பன்னிரண்டாம் முறை. நிறம்: தெளிவு. மணம்: இல்லை. ருசி: பார்க்கவில்லை. கோப்பை மூடலாம். பகல் முழுக்க மழை. சைக்கிள் டியூப் இரண்டு இடத்தில் ஒட்டியது."

என் பழைய குறிப்புக் கொப்பியில் இப்படி இருக்கிறது. ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. பழைய கலண்டர்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பத்தாண்டில் டிசம்பர் பதினெட்டு வியாழனில் விழுந்தது எண்பதிலும் எண்பத்தாறிலும்தான். எண்பத்தாறில் நான் கல்முனையிலேயே இல்லை. ஆகவே எண்பது. இவ்வளவு கவனமாக ஆண்டைப் பிடித்துவிட்டேன். அன்று நடந்தது என்ன என்பதைத்தான் பிடிக்க முடியவில்லை.

போன வாரம் எங்கள் பிரதான வீதியில் புதிய பெற்றோல் செட் ஒன்றுக்குக் குழி வெட்டினார்கள். லொறியில் வந்த தாங்கியைச் சங்கிலியில் தூக்கி இறக்குவதைச் சனம் நின்று பார்த்தது. நானும் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைக் கிளறி இந்தக் கொப்பியை எடுத்தேன். ஒன்றை இறக்குவதைப் பார்த்தால், முன்பு ஒன்றைத் தோண்டி எடுத்தது நினைவுக்கு வராமல் இருக்குமா?

அந்தப் பழைய செட் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் இருந்தது. வேளாண்மை வெட்டும் காலத்தில் சம்மாந்துறை ட்ரக்டர்கள் அங்கே வரிசையில் நிற்கும். எனக்குச் சின்ன வயதில் பெற்றோல் மணம் பிடிக்கும். மண்ணெண்ணெய் வாங்கப் போத்தலோடு போனால் தேவைக்கு மேல் அங்கே நிற்பேன், உம்மா ஏசும்வரை. எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோனபின் முதலாளி அதைத் திறக்கவில்லை. தாங்கிகள் மட்டும் மண்ணுக்குள் கிடந்தன, உள்ளே மிச்சம் இருந்த எண்ணெயோடு.

செட்டுக்குப் பின்வளவு சபியா ராத்தாவுடையது. எங்கள் மணல் நிலத்தில் நாலு முழம் தோண்டினால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒருநாள் வானவில் மிதந்தது. கிணறு மண்ணெண்ணெயாக மணத்தது. அவருடைய கணவர் சவூதியில் வேலை பார்த்தார். ஒழுங்கைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "மனிசனத் திரும்பி வரச் சொல்லுங்க ராத்தா, எண்ணெய் இஞ்சயே ஊறுது" என்றார்களாம். அவரும் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு நேரே நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோருக்கு வந்து முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

முதலாளி தாங்கிகளைத் தோண்டி எடுத்தார். எண்ணெய் ஊறிக் கறுத்த மண்ணை ட்ரக்டரில் ஏற்றினார்கள். வயலுக்குத் தண்ணீர் அடிக்கும் மெஷினை வைத்துக் கிணற்றை இறைத்தார்கள், மறுநாள் மறுபடியும் இறைத்தார்கள். சுத்தமாகிவிட்டது என்று யாராவது எழுதினால்தான் முறைப்பாட்டுக் கோப்பை மூடலாம். அந்த யாராவது நான்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகாத லிகிதர்.

இதற்கென்று ஒரு படிவம் கந்தோரில் இல்லை. நானே ஒரு தாளில் மூன்று பத்திகள் கீறினேன்: நிறம், மணம், ருசி. ஓதப்பள்ளியில், தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் தண்ணீருக்குச் சொல்லித் தந்த மூன்றும்தான். தலைமை லிகிதர் தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். மணம் என்ற பத்தியில் நான் "வாளி அசையுமுன் சிறிது, அசைந்தபின் அதிகம்" என்று எழுதியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. உண்டு அல்லது இல்லை, ஒரு சொல் போதும் என்றார். ருசிப் பத்தியை அவர் கேட்கவில்லை. நானும் நிரப்பவில்லை. மண்ணெண்ணெய்க் கிணற்றில் வாய் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஒவ்வொரு வியாழனும் போனேன். ராத்தா வாளியை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடிப்பார். "எங்களுக்கு இருந்து இருந்து மூக்குப் பழகிட்டு தம்பி. வெளியாள்ர மூக்குத்தான் சொல்லணும்" என்பார். பதினொரு வியாழன் 'உண்டு' என்று எழுதினேன்.

அவருக்கு அந்தச் சொல் ஏன் அவ்வளவு பாரமாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குப் போகும். மகள் நஸீராவுக்குச் சம்மாந்துறையில் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வந்து வீட்டைப் பார்த்தார், கிணற்றையும் எட்டிப் பார்த்தார். கந்தோரால் கடிதம் வரட்டும், பிறகு நாள் வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் வியாழன் வாளிக்கு மேல் குனிந்தேன். ஒன்றும் இல்லை. தூய தண்ணீர். சந்தோஷத்தில் நிமிர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. காலையில் தேத்தண்ணீரும் மணக்கவில்லை. நெஞ்சில் பூசிய தைலமும் மணக்கவில்லை. இரண்டு நாள் மழையில் சைக்கிள் ஓட்டி மூக்கு முழுக்க அடைத்திருந்தது.

"மணம் இல்ல ராத்தா" என்றேன். அது பொய்யல்ல. ஆனால் குரல் காட்டிக் கொடுத்துவிட்டது.

"தடிமனா தம்பி?"

"லேசா."

வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தாவாரத்தில் மழைக்கு ஒதுங்கி, பேனையைத் திறந்து, மூடி, திறந்து கொண்டிருந்தேன். மழைக்குக் கிணறு நிறைந்திருந்தது. மணம் உண்மையிலேயே கரைந்து போயிருக்கவும் கூடும். கோடையில் திரும்பி வரவும் கூடும். ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீரோடு வந்தார், இஞ்சி தட்டிப் போட்டது. குடித்தேன். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"வாற வியாழன் மறுகா ஒருக்கா வந்து பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"வாற வியாழன் மாப்புளட வாப்பா நாள் வைக்க வாறார் மனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

டியூப் ஒட்டியதைக்கூடக் குறித்து வைத்தவன், தடிமனைக் குறிக்கவில்லை. இன்று கொப்பியைப் பார்க்கும்போது, தடிமன் அன்றுதானா, வேறொரு நாளை இதில் சேர்த்துவிட்டேனா என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

கலியாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். பிறகு இடமாற்றம், பிறகு கெட்ட வருடங்கள். கந்தோர் இடம் மாறியதில் கோப்பு போயிற்று. செட் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. சபியா ராத்தா மௌத்தாகிப் பல வருடம். அந்த வீட்டையும் கிணற்றையும் இரண்டாயிரத்து நான்கில் கடல் கொண்டுபோனது.

இந்தக் கொப்பியோடு நேற்று நஸீராவின் புது வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய கிணற்றில் மணமே இருக்கவில்லை, தானே குடித்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த கணவர் மெல்லச் சொன்னார்: "வந்த முதல் நாளே மணத்திச்சி. புது மாப்புள அத எப்பிடிச் சொல்ற?"

"அது உங்கட ட்ரக்டர்ர மணம்" என்றார் நஸீரா. அவர்களுக்குள் இது நாற்பது வருடத்து வழக்குப் போலிருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

வேறொன்றைத்தான் கேட்டேன். அந்த நாட்களில் ராத்தாவின் குசினியில் இரண்டு குடங்கள் இருந்தன: ஒன்றில் பக்கத்து வளவிலிருந்து சுமந்து வந்த தண்ணீர், மற்றதில் பாத்திரம் கழுவ இந்தக் கிணற்றுத் தண்ணீர். ராத்தா அன்று எனக்குக் கொத்தமல்லி அவித்தது எந்தக் குடத்தில் மொண்டு? நஸீரா யோசித்துப் பார்த்தார். தெரியாது என்றார்.

தன் கிணற்றுத் தண்ணீரில் அவித்திருந்தால், அவர் அதை நம்பியிருக்கிறார். ருசிப் பத்தியையும் நானே நிரப்பியிருக்கிறேன், அறியாமல். மற்றக் குடமென்றால், நான் எழுதப்போகும் சொல் எப்படிப்பட்டது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்தக் குடம் என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.