அண்ணியின் தனிச் சட்டி

அண்ணிக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை. மாலை ஐந்தரைக்கு வருவார், கைப்பையை ஆணியில் மாட்டுவார், முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படி. எங்கள் எட்டுப் பேருக்கும் கறி சமைப்பார். தான் ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டார். மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "மனசு வரல" என்பார், அவ்வளவுதான். "தம்பி, உப்பு பாரு" என்று கரண்டியை நீட்டுவது என்னிடம். கல்லூரி விட்டு வந்ததும் எனக்கு அதுதான் உத்தியோகம்.

தனக்கென்று ஓரமாக ஒரு சின்னச் சட்டி. அதில் பூசணியோ பயறோ வேகும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். நாங்கள் சும்மா விடுவோமா? திமிர் என்போம். முயல் என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். அண்ணியும் சிரிப்பார். சிரிக்கிறவருக்கு வலிக்காது என்று நினைத்தேன், மடையன்.

தட்டுகள் இடித்துக்கொள்ளும் அந்த மேசைக்கும் அந்தக் கூச்சலுக்கும் இப்போதும் ஏங்குகிறேன். அதில் அண்ணி ஒருநாளும் எங்களோடு உட்கார்ந்ததில்லை என்பது வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது காலம் தலைகீழ். கடையில் சோயா பாலுக்குத் தனி அலமாரி. என் மகளின் ஆபீஸில் பாதிப் பேர் கறி, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்களாம். அவளும் ஒரு மாதம் விட்டுப் பார்க்கிறேன் என்றாள். துணைக்கு நானும் இறங்கினேன். நாலாம் நாளே நாக்கு செத்துவிட்டது. அண்ணன் போனபின் தனியாக இருக்கும் அண்ணியைத் தேடிப் போனேன். எந்த முகத்தோடு கேட்பது என்று வாசலிலேயே கூசியது.

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப இதுக்கு ஃபேஷன்னு பேரா? அப்ப திமிருன்னு சொன்னீங்களே!"

"தப்புதான் அண்ணி. இன்னிக்கு நீங்க சாப்பிடறதையே எனக்கும் போடுங்க. உங்ககூட உக்காந்து சாப்பிடணும்."

சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன்.

பயறு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு பிடி பயறு. இன்னொரு பிடி எடுப்பார், பாதியைத் திரும்பப் போடுவார்.

"இது எனக்கு மட்டும் செஞ்சுதான் பழக்கம் தம்பி," என்றார். "ரெண்டு பேருக்கு எவ்வளவு போடணும்?"