பதுருன்னிசாவின் ஏழாம் அத்தியாயம்

பதுருன்னிசாவை முதன்முறை பார்க்கிற எவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" அம்மா சீனர், முகம் அம்மாவுடையது. வாப்பா யாழ்ப்பாணத்து முஸ்லிம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, பொங்கோல் வீட்டில் உட்கார்ந்து தமிழில் ஒரு நாவலை எழுதி முடித்தவளிடம் இப்படிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவள் தோழி வைதேகி. அவளைவிட எனக்குக் கோபம் அதிகம்.

நாவலின் உயிரே ஏழாம் அத்தியாயம்தான். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் போராளிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்கள் என்பதற்காகவே வாப்பாவின் தெருவையே ஒரே நாளில் வெளியேற்றிய கதை. கையில் ஒரு பையோடு கிளம்பியவர் எங்கெங்கோ சுற்றிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அதைப் பற்றி வாயே திறக்காத மனிதர், மகள் எழுதப்போகிறாள் என்றதும் அழுதழுது சொன்னார்.

நாவலை வெளியிட முன்வந்த தமிழ் மன்றத்தின் தலைவர் பரமசிவம், லிட்டில் இந்தியாவில் எங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"கதை பிரமாதம்லா. அந்த ஏழாவத மட்டும் எடுத்துடுங்க. நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்கள விரட்டினாங்கன்னு நாமளே எழுதலாமா?"

"விரட்டினாங்களா இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினாள் பதுரு. அப்படிப் போடு என்று நினைத்துக்கொண்டு நானும் எழுந்துவந்தேன்.

அந்த ஆள் சும்மா இருந்தாரா? அவளுக்குத் தெரியாமல் வாப்பாவிடம் போய், "பொண்ணுக்கு வீண் பொல்லாப்பு வரும், பார்த்துக்குங்க" என்று ஓதிவிட்டார். பெரியவர் நடுங்கிப்போனார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துப்போடு மகள். திரும்ப ஒருக்கா ஊரைவிட்டு வெளிக்கிட எனக்கு ஏலாது" என்றார். யாருக்கும் பணியாதவள் அதற்குப் பணிந்தாள். ஏழாம் அத்தியாயம் இல்லாமல் புத்தகம் அச்சானது.

வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை யாராவது செல்வந்தர் வாங்குவதுதான் இங்கே வழக்கம். பரமசிவமோ வாப்பாவையே மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கொடுத்தார். "அகதி வாழ்வின் வலியை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார் நம் வீட்டுப் பிள்ளை" என்று முழங்கினார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில்! கூட்டம் கைதட்டியது.

வாப்பா இறங்கிவந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிவரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"எங்கட தெரு எங்க மகள்?"

"நீங்கதானே வாப்பா எடுக்கச் சொன்னீங்க."

"நான் பயந்தவன், சொன்னன். எழுதின நீ எடுக்கலாமோ?"