விமலா சொல்லாமல் இருந்திருக்கலாம்

சென்ற வியாழக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தபோது விமலாவின் தம்பி போன் செய்தார். "அக்கா காலையில போயிட்டாங்க சார். உங்க நம்பரை டைரியில எழுதி வச்சிருந்தாங்க" என்றார். மாரடைப்பாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். அதன்பின் அங்கே யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பழைய ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் பிஎச்.டி. செய்யச் சேலத்திலிருந்து வந்தபோது விமலா அங்கே டெக்னீஷியன். ஒரு வருட ஒப்பந்தம், வருடாவருடம் புதுப்பிப்பார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வாட்ச்மேனிடம் கன்னடத்தில் ஆரம்பித்த கதையை மாடியேறி வந்து என்னிடம் தமிழில் முடிப்பார். "வந்து ஆறு மாசமாச்சு. தெரியாதுன்னு சொல்ற 'கொத்தில்லா' மட்டும்தான் கத்துக்கிட்டீங்களா சார்?" என்று சீண்டுவார்.

எலி மூளையின் மெல்லிய சீவலை உப்புக்கரைசலில் உயிரோடு வைத்து, ஒற்றை நரம்பு செல்லின் மின்துடிப்பை ஸ்பீக்கரில் கேட்பது எங்கள் வேலை. மூளையில் சுரக்கும் ரசாயனமான செரடோனினைக் கலந்த கரைசலை ஓடவிட்டால் துடிப்பு மாறும். அது புதிதாக எதையும் சொல்வதில்லை. வரும் செய்திக்குச் செல் எவ்வளவு காதுகொடுக்கிறது என்பதைத்தான் மாற்றுகிறது. ரேடியோவில் ஸ்டேஷனை மாற்றாமல் வால்யூமை மட்டும் திருகுவது போல. எவ்வளவு திருகுகிறது என்பதே என் ஆய்வு. நல்ல செல் கிடைத்தால் விமலா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். "இவன் இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கான், தொந்தரவு பண்ணாதீங்க" என்பார். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

செரடோனின் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் கரைசலில் கொஞ்சம் வைட்டமின் சி சேர்த்து, வெளிச்சம் படாமல் புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது நம் ஆய்வக வழக்கம். லேபிளில் செரடோனின் என்று மட்டும் எழுதுவோம். வைட்டமின் சியை யாரும் பொருட்படுத்தியதில்லை.

என் கட்டுரை தயார். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அதை நம்பி வெளிநாட்டில் ஓர் இடம் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசியாக மூன்று செல்கள் பார்த்தேன், மூன்றும் பிரமாதம். சாயங்காலம் விமலா கதவருகே வந்து நின்றார்.

"சார், நேத்து கரைசல் கலக்கும்போது நடுவுல கூப்பிட்டாங்கன்னு போயிட்டேன். இப்பதான் பார்க்கிறேன், செரடோனின் டப்பா சீலே உடைக்கல. நீங்க இன்னைக்கு ஊத்துனது வெறும் வைட்டமின் சி."

செரடோனினே இல்லாமல் செல்களின் துடிப்பு மாறியிருக்கிறது! அப்படியானால் என் இரண்டு வருட உழைப்பு? அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கத்தினேன். அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அஜாக்கிரதை என்று துறைத் தலைவருக்கு ஒரு புகார்க் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

கட்டுரையை நிறுத்திவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒன்றில் செரடோனினோடு வைட்டமின் சி, மற்றதில் வைட்டமின் சி மட்டும் என்று விமலாதான் தினமும் இரண்டு புட்டிகள் கலந்து கொடுத்தார். "எதுல என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேன். முடிச்சப்புறம் கேளுங்க." நான் கண்டதாக நினைத்த மாற்றத்தில் பாதிக்குமேல் வைட்டமின் சியின் வேலை. மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் அது உண்மை. அந்தக் கொஞ்சத்தை எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

புகார்க் கடிதம் அவருடைய ஃபைலிலேயே கிடந்தது. அந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தலைவர் அறைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கடிதத்தைத் திரும்பப் பெற எனக்கு ஐந்து நிமிடம் போதும். விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த நான் போகவில்லை. வீட்டுச் சூழ்நிலையால் விமலா வேலையை விட்டுவிட்டார் என்று நீங்களெல்லாம் பேசிக்கொண்டபோது நானும் தலையாட்டினேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்காகப் பொம்மனஹள்ளியில் ஒரு லேபுக்குப் போனேன். என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியது விமலா. தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. நான் தடுமாறி, "அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"பிட்பிடி சார், விடுங்க. மருந்து ஊத்துன செல்லை என்ன பண்ணுவோம்? வெறும் உப்புத்தண்ணியை ஓடவிட்டு, பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருப்போம்ல? நான் எப்பவோ வந்துட்டேன். விரலை மடக்கிக்குங்க."

மன்னிப்பு என்ற சொல்லை அன்றும் நான் சொல்லவில்லை. ஊசி ஏறியதும் பேச்சு மாறிவிட்டது; அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நண்பர்களே, விமலா வேலையை விடவில்லை. என் கடிதம் அவரை அனுப்பியது. நீங்கள் மெச்சிய அந்தக் கட்டுரை பொய்யாகாமல் தப்பியது அவர் வாயைத் திறந்ததால்தான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான். எத்தனை வருடம் தண்ணீர் ஓடினாலும் இது போக வேண்டாம்.